எண்ணியவர் யார்? பல்கலைக்கழக நூலகமும் புள்ளிவிவரத் தேடலும்

தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகளைப் பெறுகிறார்? மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் 1.4. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால் 1.8. இரண்டும் இந்திய அரசின் வெளியீடுகள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை. தொகுதி மறுவரையறைப் பேச்சு எழுந்ததிலிருந்து மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த எண் அடிபடுகிறது. பேசுபவர் தமக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிறார்.

இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்கத் தேவையில்லை. மாதிரிப் பதிவு முறையில், தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்புகளைக் குறித்துக்கொண்டே வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியாக வந்து, வீடுவீடாகக் கேட்டு, இன்னொரு பட்டியல் எடுக்கிறார். இரண்டையும் ஒத்துப்பார்த்து, பொருந்தாதவற்றை நேரில் போய்ச் சரிபார்த்த பிறகே விகிதம் கணிக்கப்படுகிறது. குடும்ப நல ஆய்வின் வழி வேறு. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பேறு முழுவதையும் கேட்டு எழுதி, ஆய்வுக்கு முந்தைய மூன்றாண்டுப் பிறப்புகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே 1.8 என்பது 2020க்குச் சற்று முந்தைய நிலவரம். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் களப்பணி கொரோனா முடக்கத்தால் நடுவில் நின்று, மாதங்கள் கழித்துத் தொடர்ந்தது. ஆண்டுக்காண்டு போக்கைப் பார்க்க விரும்புபவர் முன்னதை எடுக்கலாம். படித்த பெண்களுக்கும் படிக்காத பெண்களுக்கும், ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க விரும்புபவருக்குப் பின்னதுதான் உதவும்.

இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் எண் வந்துவிடும், இந்த விளக்கம் வராது. உரையாடல் செயலிகளைக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். எண்ணையும் மூலத்தையும் சேர்த்தே கற்பனை செய்து தரும் வல்லமை அவற்றுக்கு உண்டு. எந்த எண்ணையும் அதை எண்ணியவரோடும், எண்ணிய முறையோடும், அதற்கு முன் வெளியாகிக் கைவிடப்பட்ட எண்களோடும் சேர்த்துப் பார்க்க முடிகிற இடம் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுதான் என்பது என் கருத்து. நம் ஊர் நூலகங்கள் அந்த வேலைக்கு எவ்வளவு தயாராக இருக்கின்றன என்பது வேறு கேள்வி. அதற்கும் வருவோம்.

அடுக்கில் எங்கே?

நூலகத்துக்குள் நுழையும் மாணவர் வழக்கமாகக் கேட்பது, “மதுரைக் கைத்தறி நெசவாளர் பற்றி டேட்டா இருக்கிறதா?” என்ற வகைக் கேள்வி. அனுபவமுள்ள நூலகர் உடனே கணினியில் தட்ட மாட்டார். “இவர்களை எண்ண வேண்டிய அவசியம் யாருக்கு இருந்திருக்கும்?” என்று யோசிப்பார். கைத்தறித் துறைக்கு இருந்தது. கைத்தறிக்கென்றே நாடு முழுவதும் இதுவரை நான்கு கணக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. கடைசியானது 2019-20. கூட்டுறவுச் சங்கங்களுக்கு இருந்தது. ஆனால் அவை உறுப்பினரை மட்டுமே எண்ணும், மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்பவரை எண்ணாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லோரையும் எண்ணியது. ஆனால் தொழில் வாரி அட்டவணையில் கைத்தறியும் விசைத்தறியும் ஒரே தலைப்பின் கீழ் கலந்துவிட வாய்ப்புண்டு. மதுரை நெசவாளரில் பெரும்பகுதியினரான சௌராஷ்டிரர்களைத் தேடுபவருக்குத் தொழில் அட்டவணையைவிடத் தாய்மொழி அட்டவணை உதவக்கூடும். 2011 கணக்கெடுப்பில் அதன் எண் சி-16. ஒரு கேள்வி நான்காகப் பிரிந்துவிட்டது. தேடல் என்பது பெரும்பாலும் இந்தப் பிரித்தல்தான்.

அடுக்கில் போய்த் தேடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ட்யூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் பொதுப் புள்ளிவிவரத் தொகுப்புகள் 310இல் இருக்கும், இந்தியாவுக்குரியவை 315.4இல். புள்ளிவிவரம் எல்லாம் அங்கேதான் இருக்கும் என்று நம்பி அங்கேயே நின்றுவிடுவார்கள். பயிர்க் கணக்கு விவசாயத்தோடும், பள்ளிக் கணக்கு கல்வியோடும், இறப்புக் கணக்கு பொதுச் சுகாதாரத்தோடும் வேறுவேறு அடுக்குகளில் இருக்கும். அரசு வெளியீடுகளைத் தனி அறையில் போட்டு வைத்திருக்கும் நூலகங்களும் உண்டு. அந்த அறைக்கு அட்டவணை கிடையாது, அங்கே பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நினைவுதான் அட்டவணை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குமுன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது. தேடிவந்தவரின் கேள்வியைப் பேசிப்பேசித் தெளிவாக்கும் ஆலோசனைச் சேவையை நூலகத்தின் மையப் பணியாக அவர் கருதினார். புள்ளிவிவரத் தேடலில் அந்தச் சேவை இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. அவர் பெயரில் விழா எடுக்கும் வளாகங்கள் பலவற்றில் ஆலோசனை மேசை காலியாக இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழைய தொகுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தின் 1871 கணக்கெடுப்புக்கு கார்னிஷ் எழுதிய அறிக்கை, 1881இல் நாடு முழுவதும் ஒரே இரவை மையமாக வைத்து எடுத்த முதல் கணக்கெடுப்பு, பிறகு பத்தாண்டுக்கு ஒன்று. இவற்றில் 1931ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தொகுதிக்கு இன்றும் கிராக்கி அதிகம். காரணம் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் சாதி, பழங்குடி நீங்கலாக மற்ற சாதிகளின் எண்ணிக்கை நாடு முழுமைக்கும் அதற்குப் பிறகு வெளியாகவில்லை. 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களும் வெளிவரவில்லை. மாவட்டக் கெசட்டியர்களைப் படிப்பவர்கள் வரலாற்றுப் பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றின் புள்ளிவிவரப் பின்னிணைப்பு தனி நூலாக வந்தது. தாலுகா வாரியாக மழை, சாகுபடி, வரி, பள்ளி என்று பத்தாண்டுக் கணக்குகள் அதில் கிடைக்கும். முதல் தொகுதி மறுபதிப்பாகப் பல வீடுகளில் இருக்கிறது, பின்னிணைப்பு பழைய நூலகங்களில் மட்டும்.

1961 கணக்கெடுப்பு ஒரு தனி உலகம். பி.கே. நம்பியார் சென்னை மாநிலக் கணக்கெடுப்புக் கண்காணிப்பாளராக இருந்த அந்தச் சுற்றில் கிராம ஆய்வு நூல்கள், கைவினைத் தொழில் நூல்கள், திருவிழாப் பட்டியல்கள், மாவட்ட வாரியாகக் கோயில் தொகுதிகள் எல்லாம் வெளிவந்தன. நூலகப் பட்டியலில் இவை எல்லாம் “இந்தியக் கணக்கெடுப்பு 1961” என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடக்கும். உள்ளே கோயில்கள் இருப்பது தேடுபவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு தொகுதியின் உட்பிரிவு எண்ணைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்குத்தான் அது கையில் வரும்.

இவற்றின் நகல்கள் இணையத்தில் இல்லையா? நிறையவே இருக்கின்றன. பழைய கணக்கெடுப்புத் தொகுதிகள் பலவற்றைக் கணக்கெடுப்பு ஆணையரகமே தன் தளத்தில் ஏற்றியிருக்கிறது. புணே கோகலே நிறுவனத்தின் நூலகமும் காலனியக் கால அறிக்கைகளை ஏராளமாக மின்வடிவாக்கியிருக்கிறது. ஆனால் வருடிய பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் 3ஐ 8 என்றும் 1ஐ 7 என்றும் படிக்கும். தாலுகா எண்களைக் கூட்டி மாவட்ட மொத்தத்தோடு ஒத்துப்பார்ப்பது பழைய கணக்குப்பிள்ளை வழக்கம். அதை விட நல்ல சோதனை இன்றும் வரவில்லை.

தஞ்சாவூர் சுருங்கியதா?

“தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் சாகுபடிப் பரப்பு, 1961 முதல் இன்றுவரை” என்று ஒருவர் வரைபடம் போட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கிடைக்கும். வரைந்தால் 1990களில் நெல் செங்குத்தாக விழுந்திருப்பதைப் போலத் தெரியும். காவிரியில் தண்ணீர் வராததுதான் காரணம் என்று ஓர் அத்தியாயமும் எழுதிவிடலாம். உண்மையில் அங்கே பெரிதும் விழுந்தது மாவட்டம். 1974இல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை உருவானது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர். 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 1961 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 13 மாவட்டங்கள். 2011இல் 32. இப்போது 38.

இதற்கு இரண்டு வழிகள். பிரிந்த மாவட்டங்களை எல்லாம் மறுபடி கூட்டிப் பழைய தஞ்சாவூரை உண்டாக்கலாம். புதுக்கோட்டைக்குப் போன பகுதியைத் தாலுகா அளவில் எடுத்துச் சேர்க்காவிட்டால் அது அரைகுறையாகவே இருக்கும். அல்லது யாரோ ஏற்கெனவே செய்துவைத்ததைப் பயன்படுத்தலாம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் இந்திய மாவட்டங்களின் வேளாண் தரவுகளை 1966ஆம் ஆண்டின் எல்லைகளுக்கு ஏற்பப் பங்கிட்டு ஒரு தொடராகத் தருகிறது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமல், மாதக்கணக்கில் கையால் கூட்டிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஒரு வரித் தகவல் சொல்லும் நூலகர் இருந்தால் அந்த மாதங்கள் மிச்சம்.

பயிர்க் கணக்கைப் பொறுத்தவரை எல்லைப் பிரச்சினை பாதிதான். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவம் மற்றும் பயிர் அறிக்கையில் உள்ள பரப்பளவு கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் தொடங்குகிறது. 1980வரை அதைக் கர்ணம் எழுதினார். ஆண்டு பசலியில் ஓடும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. பட்ஜெட் ஆண்டு ஏப்ரலில் தொடங்குவது, மழைப் பதிவு ஜனவரியில் தொடங்குவது. மூன்றையும் ஒரே வரைபடத்தில் போடுபவர் மூன்று வெவ்வேறு பன்னிரண்டு மாதங்களை ஒன்றாக்குகிறார். நெல்லுக்கு நாம் குறுவை, சம்பா, தாளடி, நவரை என்று எண்ணுகிறோம். தேசியத் தொகுப்புகள் காரிஃப், ரபி என்று எண்ணுகின்றன. எது எதற்குள் போனது என்பது அட்டவணையின் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். விளைச்சல் கணக்கோ முற்றிலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. தற்செயலாகத் தேர்ந்தெடுத்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடைபோடும் அறுவடைப் பரிசோதனை அது. பரப்பு என்பது ஊர்முழுக்க எழுதிய ஏடு, விளைச்சல் என்பது மாதிரி. உற்பத்தி என்று நாளிதழில் வரும் எண் இவ்விரண்டின் பெருக்கல். ஏட்டை வயலுக்குப் போகாமல் எழுதியிருந்தால் பெருக்கலும் அப்படித்தான் இருக்கும். இதையும் அந்த அறிக்கையின் முன்னுரை ஓரளவு சொல்கிறது. முன்னுரையைப் படிப்பவர்தான் குறைவு.

சென்னையின் மக்கள்தொகையும் இதே கதை. 2011 கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவில் சென்னை மாவட்டம் 46,81,087. இறுதி முடிவில் 46,46,732. அதே ஆண்டில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அந்த விரிந்த எல்லைக்குள் 2011இல் வாழ்ந்தவர்கள் சுமார் 67 லட்சம். சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்த நகர்த்திரளுக்கு 86 லட்சத்துக்கும் மேல். மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லையோடு சேர்த்தது 2018இல்தான். ஆக, 2011இல் சென்னை மாவட்டம் என்பதும் இன்றைய சென்னை மாவட்டம் என்பதும் ஒன்றல்ல. தலைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை பேருந்து என்று கணக்குப் போடுபவர் வகுக்கும் எண்ணாக இவற்றில் எதை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து விடை கிட்டத்தட்ட இரு மடங்குவரை மாறும். முதற்கட்ட எண்கள் முதலில் வந்ததால் செய்திகளில் அதிகம் பரவி, இணையத்தில் இன்னும் முன்னால் நிற்கின்றன. நூலக அடுக்கில் இரண்டு தொகுதிகளும் அருகருகே இருந்தால், எது பின்னால் வந்தது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும்.

நூலுக்குள் ஒளிந்திருக்கும் தரவு

தரவு என்றால் அட்டவணைக் கோப்பு என்று இன்றைய மாணவர் நினைக்கிறார். தமிழ்நாட்டைப் பற்றிய மிக அரிய தரவுத் தொடர்களில் ஒன்று ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, வீடு, நிலம், கூலி, கடன், மாடு என்று கேட்டெழுதச் சொன்னார். 1918இல் அது நூலாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலகுறிச்சி ஆகியவை அந்த ஊர்களில் சில. 1930களின் நடுவில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். அந்த மறு ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1940இல் வெளியிட்டது. பிறகும் ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்தில் போனார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008இல் போனார்கள். ஒரே ஊரின் நிலமும் கூலியும் சாதியும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எப்படி மாறின என்பதை இப்படித் தொடர்ந்து பார்க்க உலகில் பல இடங்களில் வாய்ப்பில்லை.

இதை எந்தத் தரவுத்தளத்திலும் “தரவிறக்கு” என்ற பொத்தானை அழுத்திப் பெற முடியாது. முதல் நூல் ஒரு நூலகத்தில், மறு ஆய்வு இன்னொன்றில், 1980களின் கட்டுரை சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் அடையாறு நூலகத்தில், கடைசியது ஒரு வார இதழில். நான்கையும் மேசையில் விரித்துவைத்து, முதல் ஆய்வு “குடும்பம்” என்று யாரைச் சொன்னது, இரண்டாவது யாரைச் சொன்னது என்று சரிபார்த்துத்தான் வரிசையாக்க வேண்டும். அதைப் போலவே முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றின் வாதம் எப்படியிருந்தாலும், ஒரு சந்தையிலோ ஒரு மீன்பிடி ஊரிலோ எடுத்த கேள்விப் படிவமும் அட்டவணையும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தேடுபொறிகள் அந்தப் பக்கங்கள்வரை ஒழுங்காகப் போவதில்லை.

வீடுவாரித் தரவு

தொகுத்த அட்டவணை போதாதவர்கள் அதற்கு அடியிலுள்ள வீடுவாரிப் பதிவுகளுக்குப் போகிறார்கள். இந்தியாவில் அதன் பெரும் களஞ்சியம், மகலனோபிஸின் முயற்சியில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு. ஒரு காலத்தில் இந்தப் பதிவுகளைப் பணம் கட்டிக் குறுந்தகட்டில் வாங்க வேண்டும், வசதியுள்ள நூலகங்கள்தான் வாங்கி வைத்தன. இப்போது புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். தடை நீங்கியது நல்லது. ஆனால் இறக்கியவுடன் திறந்து கூட்டிப்பார்ப்பவர்கள் தவறான விடையோடு திரும்புகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெருக்கும் எண் உண்டு, அந்த வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்று சொல்வது. அதைப் பயன்படுத்தாமல் போட்ட சராசரி யாருடைய சராசரியும் அல்ல. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் நாடு முழுவதும் 2,61,746 வீடுகள். அதை மாநிலமாக, மாவட்டமாக, பிறகு சாதியாக, தொழிலாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் நிற்பவை சில பத்து வீடுகள். அதிலிருந்து ஒரு மாவட்டத்துக்கே முடிவு சொல்லும் ஆய்வேடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேட்கும் விதம் மாறினால் நாடே மாறிவிடும் என்பதற்கு 1999-2000 சுற்று பாடநூல் உதாரணம். அதுவரை உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்டுவந்தார்கள். அந்தச் சுற்றில் அதே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள். பதில் சொல்பவர் இரண்டையும் ஒத்துப்போகச் சொல்லப் பார்ப்பார் அல்லவா? 30 நாள் கணக்கு உயர்ந்தது, வறுமை குறைந்ததாகத் தெரிந்தது. எவ்வளவு உண்மையிலேயே குறைந்தது என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். ஆங்கஸ் டீட்டனும் வலேரி கோசெலும் 2005இல் அந்த விவாதத்தைத் தடித்த நூலாகவே தொகுத்தார்கள். அந்த நூலைப் பார்க்காமல் 1993-94ஐயும் 1999-2000ஐயும் நேரடியாக ஒப்பிடும் மாணவர் அந்தப் பொறியிலேயே விழுகிறார். 2022-23இலும் முறை மாறியது, கேள்விகளை மூன்று வருகைகளில் பிரித்துக் கேட்டார்கள். 2011-12ஓடு அதை ஒப்பிடும்போது அதே எச்சரிக்கை தேவை. தரவோடு கேள்விப் படிவத்தையும் சேர்த்து இறக்குங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்த ஒருவருக்கு வெளிநாட்டில் தனிப் பதவியே உண்டு, தரவு நூலகர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிய ஐ.சி.பி.எஸ்.ஆர். என்ற கூட்டமைப்பு, பல்கலைக்கழகங்கள் பணம் போட்டுச் சமூக அறிவியல் தரவுகளைப் பொதுவில் சேமிக்கும் ஏற்பாடு. இன்று 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினர். பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் 1967இல் தன் காப்பகத்தைத் தொடங்கியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் உலகத்தின் கணக்கெடுப்புப் பதிவுகளை ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவந்து இலவசமாகத் தருகிறது. நம் தேசிய மாதிரி ஆய்வின் 1983 முதலான சில சுற்றுகளும் அதில் உண்டு, சுற்றுக்குச் சுற்று மாறும் குறியீடுகளைச் சீராக்கி. சொந்த நாட்டுத் தரவைச் சுத்தமான வடிவில் பெற மின்னசோட்டாவுக்குப் போக வேண்டியிருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இங்கே பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கியது. 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் அவை கிடைப்பது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இதழ்களுக்கு. நிறுவனங்களின் கணக்குகளைத் தரும் சி.எம்.ஐ.இ.யின் ப்ரோவஸ், இ.பி.டபிள்யூ. ஆய்வு அறக்கட்டளையின் காலத்தொடர்கள் போன்ற தரவுத்தளங்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கையிருப்பில்தான் வாங்க வேண்டும். வாங்கிய இடங்களிலும் வளாகக் கணினிகளில் மட்டும் திறக்கும், அது வாங்கியிருப்பது துறை ஆசிரியருக்கே தெரியாது. வெளியூர் ஆய்வாளர் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதத்தோடு போனால் பெரும்பாலான நூலகங்கள் உட்கார இடம் தருகின்றன. தரவுத்தளத்தைத் திறந்து காட்ட ஆள் தருவது அரிது.

காணாமல்போகும் எண்கள்

நூலகம் எதற்கு, எல்லாம் அரசுத் தளத்தில் இருக்கிறதே என்ற கேள்விக்கு 2025ஆம் ஆண்டு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை முடக்கியபோது, அதன் பணத்தில் நடந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வுத் திட்டமும் நின்றது. இந்தியக் குடும்ப நல ஆய்வின் வீடுவாரிப் பதிவுகளை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பெற்றுவந்தது பெரும்பாலும் அந்தத் தளத்தின் வழியே. புதிதாகப் பதிவு செய்ய வந்தவர்களுக்குக் கதவு மூடியது. ஒரு தேர்தல் வாஷிங்டனில் நடந்து, தர்மபுரியின் குழந்தை ஊட்டத்தைப் படிக்க வந்த மாணவி வெறுங்கையோடு நின்றார். அதே மாதங்களில் அமெரிக்க அரசுத் தளங்களிலிருந்து சுகாதார, சுற்றுச்சூழல் தரவுகள் மறையத் தொடங்கின. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் புத்தாக்க ஆய்வகம், அந்நாட்டுப் பொதுத் தரவுத் தளத்திலிருந்த 3,11,000க்கும் மேற்பட்ட தரவுத்தொகுப்புகளை, 16 டெராபைட் அளவுக்கு, நகலெடுத்து 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. செய்தது நூலகம் என்பது கவனிக்க வேண்டியது.

நம்மிடம் மறைவது வேறு விதமாக நடக்கிறது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வு முடிந்து, தரம் போதாது என்று 2019 நவம்பரில் அரசு அதைக் கைவிட்டது. விளைவாக 2011-12க்கும் 2022-23க்கும் நடுவே அதிகாரபூர்வமான எண் இல்லை. இலங்கையின் வடக்கிலோ இடைவெளி ஒரு தலைமுறை. 1981க்குப் பிறகு 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் நடந்தது 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே நிறைவுற்றது, நாடு முழுவதும் எண்ணியது 2012இல்தான். போர் எத்தனை பேரை இடம்பெயர்த்தது என்று கேட்கும் ஆய்வாளருக்கு நடுவிலுள்ள முப்பது ஆண்டுகளுக்கு மாவட்டச் செயலகங்களின் பதிவுகளும் மதிப்பீடுகளும்தான் உண்டு. அட்டவணையில் காலியான கட்டத்தைச் சராசரி போட்டு நிரப்பிவிடும் மென்பொருள்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அந்தக் கட்டம் ஏன் காலியானது என்பது கட்டத்துக்குள் இருக்கக்கூடிய எந்த எண்ணையும் விட முக்கியமான தகவல்.

அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16இல் வந்தது. பனிப் பகுதிகள் நீங்கலாக நாடு முழுவதற்கும் கணக்கின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. சாதியும் எண்ணப்படும். 2011க்குப் பின் பதினாறு ஆண்டு இடைவெளி. அதற்குள் தமிழ்நாட்டில் ஆறு புதிய மாவட்டங்களும், விரிந்த மாநகராட்சிகளும், நகராட்சிகளான பேரூராட்சிகளும் வந்துவிட்டன. அட்டவணைகள் வெளியானதும் எல்லோரும் 2011ஓடு ஒப்பிடுவார்கள். 38 மாவட்டங்களையும் பழைய 32ஓடு தாலுகா தாலுகாவாகப் பொருத்தும் ஒரு பட்டியல் அதற்கு வேண்டும். அதைத் தயாரிக்கத் தேவையான 2011 மாவட்டக் கையேடுகள் இன்று நூலக அடுக்குகளில் இருக்கின்றன. எல்லை மாற்ற அரசாணைகள் கெசட்டுகளில் இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழக நூலகமும் புவியியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் அட்டவணை வெளிவரும் முன்பே முடித்துவிடக்கூடிய வேலை இது. ஒவ்வொரு ஆய்வாளரும் தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு பட்டியல் இருக்கும்.